அடிபட்ட கண்ணாடி

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே என்.சி.சி.யில் பெயர் கொடுத்தேன். அதிலும் துப்பாக்கி சுடும் அணிக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்துச் சேர்ந்தேன். அங்கே யாரும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தரவில்லை, கேட்டால் சிரித்தார்கள். நானே திருச்சிக் கடைத்தெருவில் தேடி அலைந்து, வெல்டிங் சாமான் விற்கும் ஒரு கடையில் நுழைந்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாப்பா, இது லேத்துப் பட்டறைக்காரங்க போடுறது. கூலிங் கிளாஸ் அடுத்த கடையில இருக்கு."

"எனக்கு இதுதாங்க வேணும். பக்கவாட்டுல மறைப்பு இருக்கிறதா கொடுங்க."

நாலைந்தை எடுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றையும் நகத்தால் தட்டிப் பார்த்தேன். கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று சத்தமே சொல்லிவிடும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன், விரலை ஓரத்தில் விட்டு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தேன். அவருக்கே சுவாரசியம் வந்துவிட்டது. பில் போடும்போது அவராகவே சொன்னார்: "ஒரு அடி வாங்கிடுச்சுன்னா தூக்கிப் போட்டுடும்மா. பாக்க நல்லாத்தான் இருக்கும். அடுத்த அடிக்கு நிக்கும்னு சொல்ல முடியாது."

நான் கண்ணாடியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, காரைக்கால் பஸ் எது என்று தெரியாமல் அப்படியே நின்றேன். பத்து வருடமாக மனதுக்குள் ஒரு கணக்கு போட்டு வைத்திருந்தேன். அன்று அது தப்பாகிவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. காரைக்கால் தலத்தெருவில் அம்மாவின் வீட்டில்தான் இருந்தோம். அப்பாவுக்கு நெய்வேலியில் வேலை, மாதம் ஒருமுறை வந்து போவார். வீட்டில் அம்மா, அம்மாவின் தம்பியான சின்ன மாமா, பிறகு பெரிய மாமாவின் மனைவியான அத்தை. பெரிய மாமா பிரான்சில் சொல்தா. பட்டாளத்துக்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் ஒரு சொல்தா இருந்தார், இல்லாவிட்டால் இருந்து ஓய்வு பெற்றவர் இருந்தார். ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய தினத்தன்று, கிழவர்கள் எல்லாம் கோட்டு போட்டு மெடல் குத்திக்கொண்டு கிளம்பினால் தெருவே கிணுகிணுக்கும்.

சின்ன மாமாவும் அந்த வழியில் போக வேண்டியவர்தான். பத்தொன்பது வயது. நசியோனாலித்தே, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம், அவர் பெயரில் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. மீதி இருந்தது மனு, மருத்துவப் பரிசோதனை, கப்பலோ விமானமோ. சின்ன மாமாவுக்கு அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. படிப்பு ஏறவில்லை, நிலம் இல்லை, ஊரில் வேலை இல்லை. "போனா பட்டாளம், இல்லன்னா பட்டினி" என்று அவரே பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு சைக்கிள் துடைப்பார்.

என்மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். தினமும் காலையில் நான் தினசரியை அவருக்கு உரக்க வாசிக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்குச் சோம்பல். நான் செய்திகளோடு என் சொந்தச் சரக்கையும் சேர்த்து வாசிப்பேன். நாகூரில் இரண்டு தலைப் பாம்பு, கடலில் பேசும் மீன். அவருக்குத் தெரியும். ஆனாலும், "அப்புறம் அந்த மீன் என்ன சொல்லுச்சாம்?" என்று கேட்பார். இதனால் வீட்டில் எனக்குப் புளுகுணி என்று ஒரு பட்டமும் உண்டு.

அந்த வருடம் பெரிய மாமா லீவில் வந்தார். பெட்டியைத் திறந்ததும் சோப்பு வாசனை கூடத்தை நிறைத்தது. எல்லாம் எடுத்துக் கொடுத்து முடித்த பிறகு இரண்டு கண்ணாடிகளை வெளியே வைத்தார். ஒன்று தோல் உறையில், உள்ளே வெல்வெட். கரும்பச்சைக் கண்ணாடி, தங்க நிறக் காதுக்கம்பி. இன்னொன்று செய்தித்தாளில் சுற்றியிருந்தது. தடித்த நிறமில்லாத பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் மறைப்பு, பின்னால் எலாஸ்டிக் பட்டி. பட்டாளத்தில் சுட்டுப் பழகும்போது போடுவதாம். சின்ன மாமா அதைப் போட்டுக்கொண்டு திரும்பினார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தவளை!" என்று கத்தியது நான்தான்.

எல்லோரும் சிரித்தோம். பெரிய மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மெட்ராசில் வாங்கி வந்திருந்த ஏர் கன்னை எடுத்தார். தம்பி அங்கே போய்த் துப்பாக்கியைப் பார்த்து முழிக்கக் கூடாது என்று வாங்கி வந்தது. கொல்லையில் உமி மூட்டை ஒன்றை நிறுத்தி, அதன்மேல் அந்தத் தவளைக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, பத்தடி தள்ளி நின்று சுட்டார். டப். ஓடிப்போய் எடுத்து வந்தார். நடுவில் கம்பு மணி அளவுக்கு ஒரு பள்ளம், சுற்றிலும் வெள்ளையாக ஒரு வளையம்.

"பாத்தியாடா? குண்டு உள்ள வரல. சிரிக்கிறீங்களே, சிரிங்க. இப்ப அந்தப் பச்சைய வைக்கிறேன் பாருங்க, என்ன ஆவுதுன்னு."

அத்தை பாய்ந்து பச்சைக் கண்ணாடியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "பிரான்சுலேர்ந்து வந்தத யாராவது சுடுவாங்களா அண்ணே? ஒண்ணத்தான் கெடுத்தாச்சு. இதயாவது விடுங்க."

பெரிய மாமா தோற்றுப்போய்ச் சிரித்தார். சோதனை பாதியில் நின்றது. அன்று முதல் தேறிய கண்ணாடிக்கு வீட்டில் 'அடிபட்ட கண்ணாடி' என்று பெயர். பரீட்சையே எழுதாதது நல்ல கண்ணாடி. அலமாரியில் தோல் உறையோடு நல்லது மேல்தட்டில். அடிபட்டது, செல் போட்டாலும் எரியாத டார்ச்சுக்கும் கைப்பிடி போன குடைக்கும் நடுவில் கீழ்த்தட்டில்.

"அதப் போடாம துப்பாக்கியத் தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்" என்று பெரிய மாமா தம்பியிடம் சொல்லியிருந்தார். எதை என்று சொல்லவில்லை. அவருக்கு அது சொல்லாமலே விளங்குகிற விஷயம்.

இரண்டு வாரம் கழித்துப் பெரிய மாமா தம்பியின் மனுவை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போனார். அன்று காலை சின்ன மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். உமி மூட்டை மழையில் நனைந்துவிட்டதென்று அம்மா அப்புறப்படுத்தியிருந்தாள். ஒரு டப்பா மூடியைச் சணலில் கட்டி அடி பம்பின் கழுத்தில் தொங்கவிட்டார். குண்டு போடும்போதுதான் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஏ குட்டி, அந்தக் கண்ணாடிய எடுத்துட்டு வா."

"எது மாமா?"

"நல்லதாப் பாத்து எடுத்துட்டு வா புள்ள."

நல்லதாப் பார்த்து! அதுவரை என்னிடம் யாரும் எதையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. கடையில் கத்திரிக்காய் வாங்கினாலும் சொத்தையாக வாங்கி வருவேன் என்று அம்மா என்னை அனுப்ப மாட்டாள். நான் அலமாரி முன் நின்று இரண்டையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை. அடிபட்டதன் வழியாகப் பார்த்தால் கொல்லையில் நின்ற மாமாவின் முகத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்தது. பச்சையில் ஒரு கீறல் இல்லை. கண்ணுக்குக் காவலாகப் போடுவதற்குப் புண்பட்ட ஒன்றையா கொடுப்பது? பச்சையைப் பாவாடையில் துடைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர் அதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் தயங்கினார். "இதா?"

"அது அடிபட்டது மாமா. இதுல பாருங்க, ஒண்ணுமே இல்ல."

"நீ சொன்னா சரி" என்று போட்டுக்கொண்டார். அவ்வளவு அழகாக இருந்தார். நான் கிணற்றடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். முதல் இரண்டும் குறி தப்பின. மூன்றாவது டங்கென்று பம்பின் இரும்பில் பட்டுத் தெறித்தது. உடனே இன்னொரு சத்தம். வளையல் உடைகிற மாதிரி, மிகச் சின்னதாக. மாமா துப்பாக்கியை மெதுவாகக் கீழே வைத்தார். தானும் உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்ல குட்டி. அக்காவக் கூப்பிடு."

பச்சை நிறத் துண்டுகள் அவர் மடியில் கிடந்தன. தங்க நிறக் கம்பியில் ஒன்று இன்னும் அவர் காதிலேயே இருந்தது.

வலது கண். பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணையும் அசைக்கக் கூடாது என்று இரண்டையும் சேர்த்துக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். மறுநாள் புதுச்சேரியிலிருந்து திரும்பிய பெரிய மாமா பையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். மனு வாங்கிக்கொண்டதற்கான சீட்டு அவர் சட்டைப்பையில் தெரிந்தது. பட்டாளப் பரிசோதனையில் முதலில் பார்ப்பதே வலது கண்ணைத்தான் என்று அவர்தான் ஊரெல்லாம் சொல்வார். அந்தச் சீட்டு இனி எதற்கும் ஆகாது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எல்லோரும் பழிக்குப் போட்டி போட்டார்கள். உமி மூட்டையை எடுத்தவள் நான்தானே என்று அம்மா அழுதாள். பச்சையைச் சுட விடாமல் தடுத்த பாவி நான் என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். துப்பாக்கி வாங்கி வந்தவன் நான் என்றார் பெரிய மாமா. ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டார்கள். நான் என் முறைக்காகக் காத்திருந்தேன்.

பெரிய மாமா கட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏன்டா அதப் போட்ட? அத்தனை சொல்லியும்?"

"நான்தான்ணே எடுத்தேன். பாக்க நல்லா இருந்துச்சு, போட்டுக்கிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணோடு சேர்ந்து மாமாவுக்கு ஞாபகமும் போய்விட்டதா? உதவலாம் என்று முன்னால் போனேன்.

"இல்ல பெரிய மாமா. நான்தான் எடுத்துட்டு வந்தேன். சின்ன மாமா மறந்துட்டாங்க. நல்லதாப் பாத்து எடுத்துட்டு வான்னாங்க, நான்தான் பாத்து..."

"வாய மூடு!" கட்டுப் போட்ட முகம் என் பக்கம் திரும்பியது. அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "நீ அங்க இல்லவே இல்ல. இவ பொய் சொல்றாண்ணே. இவளப் பத்தித்தான் தெரியுமே, புளுகுணி."

அம்மா என்னைத் தோளில் ஒரு அடி வைத்து வெளியே இழுத்துப்போனாள். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுத அழுகை மாமாவின் கண்ணுக்காக இல்லை.

பெரிய மாமா வீட்டுக்கு வந்ததும் கீழ்த்தட்டிலிருந்து அடிபட்ட கண்ணாடியை எடுத்து, அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அதைக் கொண்டுபோய் அரசலாற்றில் எறிந்துவிட்டு வந்தார். நல்லதை ஏன் எறிந்தார் என்று நான் பல வருடம் நினைத்ததுண்டு. அதை எடுத்துப் போயிருந்தால் மாமாவின் கண் பிழைத்திருக்கும் என்பதுதான் என் பத்து வருடக் கணக்கு. திருச்சிக் கடைக்காரர் பில்லோடு சேர்த்துச் சொன்ன பிறகுதான், பெரிய மாமா எறிந்தது எதை என்று புரிந்தது. நான் அன்று எதை எடுத்துப் போயிருந்தாலும் நல்லதாக இருந்திருக்குமா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. அலமாரியில் இருந்த இரண்டில் ஒன்று எந்நாளும் நல்லதாக இருந்ததில்லை, மற்றதை நல்லதென்று காட்டப் போய் அவரே சுட்டுக் கெடுத்துவிட்டார்.

சின்ன மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் இரண்டு கண்ணிலும் கட்டு இருந்தது. அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினாள். ஒரு கண்ணுக்கு ஏன் இரண்டு வாங்கினாய் என்று கேட்டு அதற்கும் அடி வாங்கினேன். பெரிய மாமா லீவு முடிந்து கிளம்பிவிட்டார். அவரோடு கிளம்பியிருக்க வேண்டியவர் கூடத்துக் கட்டிலில் கிடந்தார். இன்று அவர் பக்கத்து ஊரான பூவத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ரிம் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறார். நான் போனால் டீ வாங்கிக் கொடுக்கிறார். அந்தக் காலையைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

ஆனால் எனக்கு உறுத்துவது கண்ணாடி இல்லை. அவர் கண் கட்டோடு கிடந்த அந்தப் பதினைந்து நாள்.

காலையில் தினசரி வந்து விழும் சத்தம் கேட்டதும் அவர் கூப்பிடுவார்: "குட்டி, பேப்பர் வந்துடுச்சா? வந்து படி."

நான் போகமாட்டேன். போகமாட்டேன் என்றால், போவேன். கொலுசைக் கழற்றி அடுப்படியில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் வந்து, அவர் கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்காருவேன். நான் அங்கே இல்லவே இல்லை என்று சொன்னீர்களல்லவா, அப்படியே இல்லாமல் இருந்து காட்டுகிறேன் என்று எனக்கு வைராக்கியம். நான் பொய் சொல்லவில்லை என்று அவர் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கத் தயாராகத் தினசரி என் மடியிலேயே இருக்கும்.

அவர் கொஞ்ச நேரம் காத்திருப்பார். பேப்பர் காற்றில் படபடத்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்புவார்.

"குட்டியா?"

நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

"இன்னிக்கு அந்த மீன் ஏதாவது சொல்லுச்சா?"

பேப்பரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். அவர் பதிலுக்காகக் காதை இன்னும் கொஞ்சம் என் பக்கம் சாய்ப்பார்.