குசினியோடு ஒரு விடுமுறை

விடுமுறைக்குக் கொழும்புக்குப் போவதென்றால் ஹோட்டலில்தான் தங்குவேன் என்று நான் சொன்னபோது, காணி உறுதிப் பத்திரத்தை மாற்றி எழுதச் சொன்னவளைப் பார்ப்பதுபோல வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேட்டது பெரிய ஹோட்டலும் இல்லை. கடல் தெரிய வேண்டாம், நீச்சல் தடாகம் வேண்டாம். காலையில் எழும்பும்போது "இண்டைக்கு என்ன கறி?" என்று ஒருவரும் என்னிடம் கேட்கக்கூடாது. அவ்வளவுதான்.

எங்கள் வீடு மட்டக்களப்பு அமிர்தகழியில், மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குக் கிட்ட. ஆடி அமாவாசைத் தீர்த்தம் வந்தால் மண்டூரிலிருந்து என் பக்கத்து ஆட்களும் சித்தாண்டியிலிருந்து என் மனுசனுடைய ஆட்களும் வந்து இறங்குவது எங்கள் வீட்டில்தான். இந்த வருசமும் மாவட்டக் கச்சேரி அலுவலக வேலைக்கு லீவு போட்டுவிட்டு எல்லாருக்கும் ஆக்கிக் கொட்டினேன். சாமி கும்பிட வந்தவர்கள் புண்ணியத்தோடு பஸ் ஏறிப் போனார்கள். முற்றத்தில் கிடந்த பானைகளைக் கழுவியது நான். கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் ஹோட்டல் ஆசை வந்தது.

எங்கள் பக்கத்து வழக்கத்தைக் கேட்டால் வெளியூர்க்காரர் வாயைப் பிளப்பார்கள். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் உடுப்புப் பையோடு பெண் வீட்டுக்கு வருவார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒருத்தி, "நீங்கள் குடுத்து வச்சனீங்கள்" என்று என்னிடம் பெருமூச்சு விட்டாள். நல்லாக் குடுத்து வைத்தோம்! உறுதியில் பெயர் இருக்கிறது, சரி. அதே பெயரை அடுப்பிலும் எழுதிவிட்டார்களே, அதை யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்காரி இருக்கும்போது வந்த ஆம்பிளை சட்டியைத் தொடலாமா என்று என் மனுசன் இன்றைக்கும் நியாயம் பேசுவார். "நான் இஞ்ச வந்த மாப்பிள்ள தானேகா" என்பார். வந்து இருபது வருசத்துக்கு மேலாகிறது. இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்.

மகள்தான் போனில் இடம் தேடினாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறவள். நான் சொன்ன ஹோட்டல்களைப் பார்த்துக்கொண்டே போனவள், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் நின்றுவிட்டாள்.

"அம்மா, இதைப் பாருங்க. நாள் வாடகைக்கு முழு வீடு. ரெண்டு அறை, ஹோல், பால்கனி, குசினி. சட்டி பானையெல்லாம் வச்சிருக்காங்க."

மனுசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "குசினியப் பாருகா! ஹோட்டல்ல உனக்கு இப்பிடி ஒரு குசினி தருவானா?"

"தரமாட்டான். அதுக்காகத்தான் ஹோட்டல் கேட்டன்."

அவருக்கு விளங்கவில்லை. நடிக்கவில்லை, உண்மையாகவே விளங்கவில்லை. எனக்கு நகை எடுத்துக் காட்டுகிறவரைப் போல அந்தக் குசினிப் படத்தைக் கிட்டக் கொண்டுவந்து காட்டினார். "கடைச்சோறு திண்டு வயித்தைக் கெடுக்கவா கொழும்புக்குப் போற? ஆரு ஆக்கினாலும் உன்ட கைக்கறி மாதிரி வருமா?" இந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டுத்தானே என் இடுப்பு ஒடிந்தது.

அதோடு முடியவில்லை. அவருடைய அக்கா, என் மச்சாள், செய்தி கேட்டுச் சித்தாண்டியிலிருந்து போன் எடுத்தார். "அறை ரெண்டு இருக்கெண்டா நானும் வாறன் புள்ள." ஹோட்டலென்றால் யாராவது இப்படிச் சொல்லுவார்களா? வீடென்று சொல்லிவிட்டால் நம் சனத்துக்குக் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். ஒருத்தி எத்தனை பேரோடு மல்லுக்கட்டுவது? சரி என்றேன். ஆனால் ஒரு சொல் சொன்னேன். இங்கேயிருந்து ஒரு சமையல் சாமானும் வரக்கூடாது, அங்கே நான் அடுப்பு மூட்டமாட்டேன். "ஓம்கா, ஓம்" என்று எல்லாரும் தலையாட்டினார்கள். பூம்பூம் மாடு கெட்டது!

பஸ்ஸுக்கு வெளிக்கிடும்போது வாசலில் மீன் கொண்டுபோகிற ரெஜிபோம் பெட்டி ஒன்று இருந்தது. திறந்து பார்த்தேன். ஐஸுக்குள் நண்டு, எங்கள் வாவியில் அன்று காலை பிடித்தது. பக்கத்தில் இடித்த மிளகாய்த்தூள், அரிசி, உரித்த தேங்காய்கள்.

"இது என்ன?"

"சும்மா, கிடக்கட்டும். அங்க ஆருக்கும் குடுக்கலாம்" என்றார் மனுசன், என் முகத்தைப் பார்க்காமல்.

வெள்ளவத்தை வீடு நல்ல வீடுதான், பொய் சொல்லக்கூடாது. அடுப்பு வழவழவென்று கண்ணாடியில் செய்த மின்சார அடுப்பு. நான் பையை வைத்துவிட்டுக் கட்டிலில் விழுந்தேன். மச்சாள் நேரே குசினிக்குப் போய், வழியில் வாங்கிய பாலைச் சட்டியில் ஊற்றினார்.

"மச்சாள், என்ன செய்யிறீங்க?"

"புது வீட்டுல பால் பொங்காம பச்சத்தண்ணியும் வாயில வைக்கொண்ணா."

"இது வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை கதவைப் பூட்டித் திறப்பைக் குடுத்திட்டுப் போப்போறம்."

"ஒரு ராவெண்டாலும் குடிபுகுந்தா குடிபுகுந்ததுதான். நீ பேசாம இரி."

பால் பொங்கினால் போதாதாம், வழிய வேண்டுமாம். வழிந்தது. கண்ணாடிமேல் பரந்து ஓடி, பொத்தான்கள் இருந்த பக்கமாக உள்ளே இறங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம். பால் தீய்ந்த புகைக்குக் கூரையில் இருந்த அலாரம் வீரிட்டு அலறத் தொடங்கியது. காவலாளி சிங்களத்தில் கத்திக்கொண்டு மாடிக்கு ஓடிவந்தார். மச்சாள் அசரவில்லை. மிச்சப் பாலில் சீனி போட்டு அவருக்கும் ஒரு கோப்பை நீட்டினார். அந்த மனிதர் என்ன செய்வார், வாங்கிக் குடித்தார்.

அடுப்பு செத்துவிட்டது. திருத்துகிறவர் நாளைக்குத்தான் வருவாராம். எனக்குள் எழுந்த சந்தோசத்தை வெளியே காட்டாமல் இருக்கப் படாத பாடு பட்டேன். மாமாங்கேஸ்வரா, தீர்த்தத்துக்கு வந்தவர்களுக்கு ஆக்கிப் போட்டதற்குக் கைமேல் பலன் தந்துவிட்டாயே என்று கும்பிட்டேன். பிறகுதான் மனுசனைக் காணவில்லை என்பதைக் கவனித்தேன்.

அந்திப்பட்டு வந்தார். ஆட்டோவிலிருந்து ஒரு காஸ் அடுப்பு, அதன் பின்னால் சிலிண்டர். பக்கத்துத் தெருவில் இருக்கிற அவருடைய சொந்தக்காரர் வீட்டில் இரவல் வாங்கினாராம். சிலிண்டரைத் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, என் பாராட்டுக்காக நின்றார்.

"ராவைக்கு அவங்களும் சாப்பிட வாறாங்க. மட்டக்களப்பு நண்டு எண்டோன்ன விட்டிருவாங்களா?"

பழைய குருடி, கதவைத் திறவடி! எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "சிலிண்டர் தூக்கிற ஆளுக்கு ஒரு சோத்துப் பார்சல் தூக்க ஏலாதா? வாற வழியில எத்தின கடை கிடந்திச்சி?"

"வீட்டுக்காரி நீ இருக்கக்குள்ள பார்சலா? வாறவங்க என்ன நினைப்பாங்க?"

நான் என்ன நினைப்பேன் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் யோசனை வரவில்லை. மாற்றுடுப்பைக் கைப்பைக்குள் திணித்தேன். மகளிடம் மட்டும், நான் ஹோட்டலுக்குப் போகிறேன், நீயும் வா என்றேன். "நீங்க தனியாப் போங்கம்மா. அதுதான் நல்லம். நான் அடுப்புப் பக்கமே போகமாட்டன், சத்தியம்."

காலி வீதியில் முதலில் கண்ட ஹோட்டலுக்குள் நுழைந்தேன். வரவேற்பு மேசையில் இருந்த இளைஞன் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மிஸ் தனியாவா? சேர் வரலியா?"

"இல்லை."

"கோவிச்சுக்காதீங்க மிஸ். லேடீஸ் தனியா வந்தா வீட்டுல ஒருத்தர்கிட்ட பேசிட்டுத்தான் ரூம் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

என் பெயரில் வீடு இருக்கிறது. என் கையெழுத்தில் கச்சேரியில் கோப்புகள் நகருகின்றன. என் சம்பளத்தைக் கொடுத்து ஒரு கட்டிலில் படுக்க இன்னொருவர் ஓம் சொல்ல வேண்டுமாம்! கத்தியிருப்பேன். கால் உளைந்தது, கத்தவும் தெம்பில்லை. மனுசனுக்குப் போன் எடுத்து, சத்தம் வெளியே கேட்கிறமாதிரி வைத்து மேசையில் போட்டேன். விசயத்தை அந்தத் தம்பியே சொன்னான்.

"ஓம் தம்பி, என்ட மனிசிதான். குடுங்க, அவ களைச்சுப் போயிருக்கா" என்றார் மனுசன். பின்னால் கரண்டிச் சத்தமும் மச்சாளின் இருமலும் கேட்டன. "இஞ்ச கேளுகா, வச்சிராத. நண்டுக்குத் தேங்காப்பால் எப்ப விடுற?"

"முதல்ல ரெண்டாம் பால விடுங்க. நெருப்பக் குறைச்சு, நண்டு சிவந்து வரக்குள்ள..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யார் சொன்னது? நான்தான். அந்தத் தம்பி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். ஹோட்டல் வாசல் மேசைக்கு மேலே, வெறும் காற்றில், என் வலது கை கறியைத் துழாவிக்கொண்டிருந்தது.

"சிவந்தோன்ன? முதல்பால் எப்ப விடுற? சொல்லுகா!"

போனை நிறுத்திப் பைக்குள் போட்டேன். "அறைத் திறப்பைத் தாங்க தம்பி" என்று அந்தக் கையையே நீட்டினேன்.