கன்னி மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி

கட்டடம் விழுந்தால் ஊருக்கே பேர் தெரியும், நின்றால் ஒருத்தருக்கும் தெரியாது. அப்படியொரு தொழில் என்னுடையது. தேனியில் கட்டடங்களுக்குத் தூண், பீம் கணக்குப் போட்டுக் கொடுக்கிற இஞ்சினியர் நான். இதே பாடுபடும் நண்பர்களே, போடி ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் நான் பட்டதைக் கேளுங்கள்.

மூட்டையும் தலையும்

அந்த வியாபாரி அண்ணாச்சி கட்ட நினைத்தது, கீழே குடோன், மேலே இரண்டு மாடி வீடு. மூட்டை அடுக்கக் கீழ்த்தளம் நல்ல உயரமாக வேண்டும். லாரி உள்ளே வந்து திரும்பத் தூண் மெலிசாக வேண்டும். உயரமான தளத்துக்கு மெலிந்த தூண் என்றால் ஆட்டம் அதிகம். நிலநடுக்கத்தில் கட்டடம் பக்கவாட்டில் ஆடும்போது, மேலே உள்ள பாரம் தூணுக்கு நேராக இல்லாமல் விலகிப்போகும். விலகிய பாரம் கட்டடத்தை இன்னும் சாய்க்கும்; சாயச் சாய பாரம் இன்னும் விலகும். நாம் இதை பி-டெல்டா என்கிறோம். சாதாரணக் கணக்கில் இது வராது, தனியாகச் சேர்க்க வேண்டும்.

இதை அவருக்கு எப்படிச் சொல்வது? தலையில் மூட்டையோடு போகிறவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மூட்டையே ஆளைத் தள்ளிவிடும் இல்லையா, அப்படித்தான் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நம்ம குடோன்ல ட்ராலியில வச்சுல்ல தள்ளுறாக!"

வடக்கே வருவது

விடவில்லை நான். தூணைப் பருமனாக்கி, கம்பியைக் கூட்டி, புது வரைபடம் கொண்டுபோனேன். அதைப் பார்த்த அவருடைய மேஸ்திரி, கோயில் மண்டபமா கட்டுகிறோம் என்று சிரித்தார். அண்ணாச்சியும் கூடவே சிரித்தார். ஆனால் எனக்காகப் பாவப்பட்டு ஒரு டீ சொன்னார்.

"பூகம்பமெல்லாம் வடக்க வரும்மா. இங்கன வர்றது ஆடிக் காத்து மட்டுந்தேன்."

கன்னி மூலை

அடுத்த வாரம் வாஸ்துக்காரர் வந்து போயிருந்தார். கன்னி மூலை என்கிற தென்மேற்கு மூலைதான் வீட்டிலேயே உயரமாகவும் கனமாகவும் இருக்க வேண்டுமாம். ஆகவே மொட்டைமாடியில் அந்த மூலையில், நெட்டையான நாலு கால் போட்டு, அதன்மேல் பெரிய தண்ணீர்த் தொட்டி!

அவர் கேட்ட மெலிந்த தூண்களோடு தொட்டியையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் சாய்வு கூடியது, ஓரிடத்திலும் நிற்கவில்லை. நிற்கவில்லை என்றால் நமக்கெல்லாம் அர்த்தம் தெரியும்: மாடி குடோனுக்குள் வந்துவிடும். அவருடைய வீட்டு ஆட்களே அதில் குடியிருக்கப் போகிறார்கள் என்று நினைத்ததும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அதுக்கென்னம்மா, கையெழுத்துப் போட உத்தமபாளையத்துல ஆளு இருக்காக."

லிஃப்ட்

அதோடு விட்டது என்றிருந்தேன். கையெழுத்துக்குத்தான் வேறு ஆள் போலும், லிஃப்ட் எங்கே வைக்கலாம் என்று கேட்க, இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். லிஃப்ட் அவர் மனைவிக்காக. பக்கவாதம் வந்து ஒரு கால் சரியாக வராது. அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து எதிரே உட்கார்ந்தார். எங்கள் சண்டை அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"ஆடுச்சுன்னா நான் எம்புட்டு வெரசா எறங்கணும் தாயி?"

அந்த நேரத்தில் லிஃப்டில் ஏறவே கூடாது, படியில் இறங்க உங்களால் முடியாது; நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க, வீடுதான் நிற்க வேண்டும் என்றேன். அண்ணாச்சி மனைவியின் காலைப் பார்த்தார். பிறகு வரைபடத்தை என் பக்கம் தள்ளினார். தொட்டி சின்னதாகி, கால் இல்லாமல் தளத்தோடு உட்கார்ந்தது. ஆட்டத்தைத் தாங்க லிஃப்டைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் வந்தது. தூண்களைப் பற்றி அவரே சொன்னார்.

"லாரி ரோட்லயே நிக்கட்டும்மா. நீங்க தூணப் பெருசாப் போடுங்க."

கட்டடம் எவ்வளவு சாயும் என்று சொல்ல ஒரு கம்ப்யூட்டர் போதும் நண்பர்களே, வீட்டுக்காரரை நம்பவைக்கத்தான் அந்த வீட்டம்மாவே வரவேண்டியிருக்கிறது.