எட்டு வாரம் போகாத இருமல்

சகோதர சகோதரிகளே, எழுந்து பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிவந்து வாசிக்கிறேன்.

போன வருஷம் எனக்கு ஒரு இருமல் வந்தது. போகவே இல்லை.

நான் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. பதினாலு வருஷ வேலை. பொழுதுபோக்காகக் கல்யாண மாலைப் பூக்களைக் காயவைத்து, அதன்மேல் ரெசின் ஊற்றுவேன். அது கண்ணாடி மாதிரி இறுகும் பசை. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்காரர்களே மணப்பெண்களை என்னிடம் அனுப்ப ஆரம்பித்தார்கள். வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாமா என்று ஆசை பிடித்தது.

ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் வேலையை விடுவது உமக்குச் சித்தமானால் இந்த இருமலை எடுத்துப்போடும். அது போன அன்றைக்கே ராஜினாமா கொடுக்கிறேன்." கடிதத்தை டைப் செய்து கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இருமல் கூடியது. இமை வீங்கியது. விரல் இடுக்கெல்லாம் சிவந்து அரித்தது. பிசாசு என் ஆசீர்வாதத்தைத் தடுக்கிறான் என்று முடிவுகட்டினேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். நெஞ்சில் ஜெப எண்ணெய் பூசி இருமலை அதட்டினேன். அதட்டிவிட்டு, ஈரப் பசையில் தூசி விழக்கூடாது என்று ஜன்னலை மூடி, காற்றாடியையும் நிறுத்திவிட்டு வேலைக்கு உட்காருவேன். என் வீட்டுக்காரர் டாக்டரிடம் போகச் சொன்னார். "உங்களுக்கு விசுவாசம் பத்தாது" என்று அவர் வாயை அடைத்தேன்.

எட்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மூச்சு உள்ளே போகவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடச் சத்தம் வரவில்லை. செத்துவிடுவேன் என்று தெரிந்தது. இயேசப்பா என்று மனசுக்குள் மட்டும் சொன்னேன்.

அறைக் கதவு திறந்தது. நம் ஜெபக்குழு ஸ்டெல்லா அக்கா. பக்கத்து ஊர் மேருவில் பெயின்ட் ஃபேக்டரியில் வேலை செய்பவர், எனக்காக ஜெபிக்க வந்திருந்தார். அவர் முழங்கால் போடவில்லை. என்னை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தார்.

"இந்த வாடையிலயா மூடிக்கிட்டு உக்காந்திருக்க? எங்க ஃபேக்டரில மாஸ்க் இல்லாம கிட்டயே விடமாட்டாங்க லா. பிசாசும் இல்ல, ஒண்ணும் இல்ல. கிளம்பு, கிளினிக் போவோம்."

ரெசின் என் உடம்புக்கு ஆகாது, இனிமேல் தொடவே கூடாது என்றார் டாக்டர். அழுதேன். பிழைத்ததற்காக அழவில்லை, பூக்களுக்காக அழுதேன். பாதி காய்ந்த ஒரு மாலையைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதல் வாரமே இருமல் நின்றிருந்தால்? வேலையை விட்டிருப்பேன். நாள் முழுக்க அந்த அறையில் இருந்திருப்பேன்.

இப்போதும் அதே ஆபீசுக்குத்தான் போகிறேன். அடுத்து என் கைகளுக்கு என்ன வேலை என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்ன அடையாளம் காட்ட வேண்டும் என்று இந்த முறை நான் சொல்லித்தரவில்லை. வீட்டுக்காரரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

கஷ்டத்தில் இருக்கிறவர்கள் அவரை நம்பிக் கேளுங்கள். கேட்டது வராவிட்டாலும் நம்புங்கள். எட்டு வாரம் நான் அழுது கேட்டதை அவர் கொடுக்கவில்லை. அதற்காகத்தான் இன்றைக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன்.