பொழுது சாயுமுன் எழுந்தவர்கள்

திண்டிவனத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருந்த குசுமா, ஒரு திரைப்படத்தின் மீது பதினோராண்டுகள் கோபம் கொண்டிருந்தாள். படம் பார்த்தவர்கள் நடிகரைப் பழிப்பதுண்டு, பாட்டைப் பழிப்பதுண்டு. அவளுடைய குற்றச்சாட்டு வேறு. அந்தப் படத்தின் காதலர்கள் இறுதியில் சேர்ந்துவிட்டார்கள் என்பதே அது. உலகத்தில் நடவாத ஒன்றை நடந்ததாகக் காட்டி ஊரை ஏமாற்றிய படம் என்று, பேச்சு எழும்போதெல்லாம் அவள் சொல்வாள். அந்தக் கோபத்துக்கு அடிப்படையே இல்லை என்பது, 1965ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பள்ளிக்கு எதிர்ச்சுவரில் ஒட்டப்பட்ட ஒரு சுவரொட்டியால் தெரியவந்தது.

ஊரார் அதனை ‘ரயிலு படம்’ என்றே அழைத்தனர். ஓடும் ரயிலை நோக்கிக் காதலி ஓடிவரும் காட்சி அதில் பெயர்பெற்றது. இப்போது அதன் இரண்டாம் பாகம் வந்திருந்தது. அதே நடிகரும் நடிகையும் காதோரத்தில் நரை தீட்டிக்கொண்டு நிற்க, ‘பிரிந்த காதலர் மீண்டும் சந்திக்கின்றனர்’ என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

குசுமா அதை இருமுறை படித்தாள். பிறகு, உடன் நின்ற நான்காம் வகுப்பு ஆசிரியை சவுரியம்மாளிடம் திரும்பினாள்.

“இன்னாக்கா இது? பிரிஞ்சவங்கன்னு போட்டுக்கிறான். அவுங்கதான் சேர்ந்துட்டாங்களே?”

“எந்த ஊரு படத்தப் பாத்த நீ? அவ ஸ்டேஷனுக்கு ஓடியாறதுக்குள்ள வண்டி போயிடுச்சுடி. அவன் கடைசிப் பொட்டியில நின்னுக்கினு பாத்துக்கினே போவான். நான் மூணு வாட்டி பாத்தேன். மூணு வாட்டியும் மூக்கச் சிந்துனேன்.”

“ரயிலு ஊதுச்சு, அவ ஓடுனா. அது வரைக்கும் பாத்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் எழுந்து வந்துட்டோம்.”

“ஏண்டி, கொட்டகை தீப்பிடிச்சுக்கிச்சா?”

“பொழுது சாஞ்சுது.”

சவுரியம்மாள் சிரித்த சிரிப்பில் பள்ளிப் பிள்ளைகள் சன்னலுக்கு வந்துவிட்டனர். குசுமா நயினார் வீட்டுப் பெண் என்பதும், சமணர்கள் கதிரவன் மறைந்த பின் ஒரு பருக்கையும் உண்ணார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால், ஒரு திரைப்படத்தின் முடிவைத் தவறவிட்டு, அது இன்னதென்று தானே தீர்மானித்து, அதன் மீது பதினோராண்டு பகை பாராட்ட முடியும் என்பது அவளுக்குப் புதிது.

குசுமா சிரிக்கவில்லை. அவளுடைய கோபம் படத்தோடு மட்டும் தொடர்புடையதன்று.

முதல் பாகம் வந்த 1954இல் அவளுக்கு இருபது வயது. மயிலத்துக்கு மேற்கே உள்ள சிற்றூரிலிருந்து, திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காள் அனந்தவல்லியின் வீட்டுக்கு வந்திருந்தாள். அக்காளின் கணவர் நேமிநாதன் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரி. அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி ஸ்ரீசந்திரன், விழுப்புரம் ரயில்வே சரக்குக் கொட்டகையில் எழுத்தராகச் சேர்ந்திருந்தான். ஞாயிறுதோறும் அவன் அண்ணன் வீட்டுக்கு வருவது குசுமாவைப் பார்ப்பதற்கே என்பதை அந்த வீட்டில் அறியாதவர் இல்லை.

ஒரு ஞாயிறு பகலாட்டத்துக்கு நால்வரும் போனார்கள். நடுவில் மின்சாரம் நின்று முக்கால் மணி நேரம் வீணாயிற்று. ரயில் ஊதிக் காதலி ஓடத் தொடங்கிய நேரத்தில், ஆண்கள் பக்கத்திலிருந்து நேமிநாதன் எழுந்து, தட்டிக்கு மேலாகக் கையசைத்துப் பெண்களையும் எழுப்பிவிட்டார். வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. வீட்டை நோக்கி விரைகையில் குசுமா, “பிடிச்சிருப்பாளா?” என்று யாரையும் நோக்காமல் கேட்டாள். “ஓடற பொண்ணு, பிடிக்காம போவாளா? ஜல்தியா நட, சோறு ஆறுது” என்றார் நேமிநாதன். ஸ்ரீசந்திரன் மட்டும் திரும்பி அவளைப் பார்த்து, “பிடிச்சுடுவா” என்றான். அவள் அதை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் மேல்சித்தாமூரிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. குசுமா தன் மனத்தைத் தந்தையிடம் சொன்னாள். தந்தை கடுமையானவர், எனினும் நியாயம் அறிந்தவர். “வியாழக்கிழமைக்குள்ள அவனே வந்து எங்கிட்டக் கேக்கட்டும். வரலேன்னா வெள்ளிக்கிழமை காலையில இவுங்களோட தாம்பூலம் மாத்திக்குவேன்” என்று நேமிநாதன் மூலமாகச் சொல்லியனுப்பினார். வியாழன் மாலை மேல்சித்தாமூரார் இரண்டு கூண்டு வண்டிகளில் வந்து தங்கினர். ஸ்ரீசந்திரன் வரவில்லை. கடிதமும் இல்லை. வெள்ளி காலையில், தட்டு கைமாறும் தறுவாயில், குசுமா எல்லார் முன்னும் மாட்டேன் என்றாள். அதன் பிறகு அவ்வீட்டில் அவளுடைய திருமணப் பேச்சு எழவில்லை. தங்கைக்கு மணமாயிற்று. அவள் ஆசிரியப் பயிற்சி பெற்று, திண்டிவனத்தில் வேலைக்கு அமர்ந்தாள். ஸ்ரீசந்திரன் மறுவருடம் மணம் செய்துகொண்டதையும், ஏழாண்டுகளுக்குப் பின் அவன் மனைவி பிள்ளையின்றிக் காய்ச்சலில் இறந்ததையும் யார் யாரோ சொல்லக் கேட்டாள். அவன் ஏன் வரவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை அறிய வேண்டும் என்ற விருப்பம், சுண்ணாம்புச் சுவரில் அடித்த ஆணிபோல அவளுக்குள் இருந்தது; எதையும் தாங்கவில்லை, கழன்று விழவுமில்லை.

சுவரொட்டி வந்த ஐந்தாம் நாள் பள்ளி முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது.

‘இரண்டாம் பாகம் திண்டிவனத்தில் ஓடுவதாக அறிந்தேன். ஞாயிறு பகலாட்டத்துக்கு வருகிறேன். அன்று முடிவைக் காணாமல் எழுந்து வந்தோம். உனக்குச் சம்மதமானால் கொட்டகை வாசலில் காண்க. ஸ்ரீசந்திரன்.’

“அட்டையில எழுதிக்கிறானே, தபால்காரன் பாதி ஊருக்குப் படிச்சுக் காட்டியிருப்பான்” என்றாள் சவுரியம்மாள். “போவியா?”

“போவேன். ஒரே ஒரு கேள்வி கேக்கணும். கேட்டுட்டு வந்துடுவேன்.”

“நானும் வர்றேன். கேள்வி கேக்க இல்ல, படம் பாக்க.”

ஞாயிறு இரண்டு மணிக்குக் கொட்டகை வாசலில் அவன் நின்றிருந்தான். முன்வழுக்கை விழுந்திருந்தது, கையில் ஒரு துணிப்பை. முப்பத்தைந்து வயதுக்கு மிகுதியாகவே தளர்ந்திருந்தான்.

“நல்லாக்கிறியா குசுமா?”

“இருக்கேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

அவன் வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பெண்களுக்கு இடப்புற வாயில், ஆண்களுக்கு வலப்புறம். கூட்டம் இருவரையும் இரு திசையில் தள்ளிக்கொண்டு போயிற்று. உள்ளே போன பின்னர்தான், படப்பெட்டி இன்னும் வந்து சேரவில்லை என்பது தெரிந்தது. வாசலில் நின்று பேசியிருக்கக்கூடிய ஒரு மணி நேரத்தை, இடையில் ஒரு மூங்கில் தட்டியை வைத்துக்கொண்டு, வெற்றுத் திரையைப் பார்த்தபடி அவர்கள் கழித்தார்கள். இடைவேளையில் குசுமா எழ முயன்றாள். பெண்கள் வாயிலில் சீட்டுக் கிழிக்கும் சின்னபொண்ணு, “வெளிய போனா எடம் போயிடும், நான் பொறுப்பில்ல” என்று அறிவித்தாள். சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி குழந்தையுடன் பாதி இடத்துக்கு வந்துவிட்டிருந்தாள். குசுமா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாலையில், கதை எதற்காக இரண்டு மணி நேரம் சுற்றி வந்ததோ அந்த இடத்தை அடைந்தது. நரைத்த காதலி, நரைத்த காதலனை ஒரு மலையூர் மருத்துவமனை வராந்தாவில் கண்டாள். “அன்று ஏன் எனக்காக இறங்கவில்லை?” என்று கேட்டாள். கொட்டகை மூச்சை அடக்கிற்று. குசுமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“இங்க குசுமா டீச்சரு யாரு?” என்று வாயிலிலிருந்து சின்னபொண்ணின் குரல் எழுந்தது. “ஒங்கள வெளிய ஒருத்தரு கூப்புடறாரு. பொழுது போவுதாம், சாப்புட வரணுமாம்!”

இரண்டு பக்கமும் சிரிப்பொலி எழுந்தது. “போ டீச்சரு, ரசம் ஆறிப் போவுது” என்றது ஓர் ஆண்குரல். குசுமாவின் முகம் சுட்டது. கூரைக்கும் தட்டிக்கும் இடையே மஞ்சள் ஒளி மங்கிக்கொண்டிருந்தது. பிறந்தது முதல், நோன்பு நாள்களும் காய்ச்சலில் கிடந்த நாள்களும் நீங்கலாக, அந்த ஒளி மறைவதற்குள் உண்ணாமல் அவள் இருந்ததில்லை.

“வரலேன்னு சொல்லும்மா” என்றாள்.

“வரலியாம் சாரே!” என்று சின்னபொண்ணு அதையும் ஊரறியச் சொன்னாள்.

குசுமா திரைக்குத் திரும்பியபோது அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. காதலன் பதில் சொல்லவில்லை; பாடினான். அது முடிந்ததும் ஒரு விபத்து, ஒரு நீதிமன்றம், ஒரு மாமாவின் மனமாற்றம். இறுதியில் இருவரும் அதே ரயில் நிலையத்தில் கைகோத்து நடந்தார்கள். கேட்ட கேள்விக்குக் கடைசி வரையில் பதில் இல்லை. கேட்டவளும் மறுபடி கேட்கவில்லை. சுற்றிலும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தனர். குசுமாவுக்குத் திரையை நோக்கிக் கல்லெறிய வேண்டும்போல் இருந்தது.

வெளியே விளக்கு ஏற்றியிருந்தார்கள். சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தருகே ஸ்ரீசந்திரன் பையுடன் நின்றான்.

“உனக்குன்னு ஒரு பொட்டலம் தனியா எடுத்து வெச்சேன். நீ வரல. நான் சாப்பிட்டுட்டேன். இப்ப நீ சாப்பிட மாட்டியே?”

“அன்னைக்கு ஏன் வரல?”

“வந்தேன்” என்றான் அவன்.

சவுரியம்மாள் சற்று விலகி நின்றாள்; காது கேட்காத தொலைவுக்கு விலகவில்லை.

“வில்லுபுரத்துலேர்ந்து நாலு மணி பஸ்ஸு. கூட்டேரிப்பட்டுல இறங்கனப்பவே பொழுது மரத்துக்குக் கீழ போயிடுச்சு. உங்க ஊருக்குப் போற பஸ்ஸு வரல. அம்மா கட்டிக் குடுத்த புளிச்சோறு கையில இருந்துச்சு. கடைக்குப் பின்னால கெணத்தடியில கைகால் கழுவிக்கினு உக்காந்தேன். ரெண்டு வாய் வெச்சிருப்பேன், பஸ்ஸு சத்தம் கேட்டுச்சு.”

“எழுந்து ஓட வேண்டியதுதானே?”

“எச்சக் கையோட எப்படி ஓடறது? கழுவிக்கினு வந்தேன், போயிடுச்சு. அதான் கடைசி பஸ்ஸு.”

“ஆறு மைலு. நடந்திருக்கலாம்.”

“இருட்டிப் போச்சு குசுமா. அங்கயே ஒரு கடை வாசல்ல படுத்துட்டு, வெளிச்சம் வந்ததும் நடந்தே வந்தேன். உங்க வாசல்ல ரெண்டு கூண்டு வண்டிய நிறுத்தி மாடு பூட்டிக்கினு இருந்தாங்க. சரி, தாம்பூலம் மாத்திட்டாங்க, இனிமே போய் இன்னா கேக்கறதுன்னு ஏரிக்கரையோட திரும்பிட்டேன்.”

குசுமா ஓரடி முன்னால் வந்தாள்.

“அந்த வண்டிங்க கோவிச்சுக்கினு திரும்பிப் போறதுக்குப் பூட்டின வண்டிங்க” என்றாள். “நான் மாட்டேன்னு சொல்லி அரை மணி கூட ஆவல.”

அவன் பையை மறு கைக்கு மாற்றினான். பிறகு, “நீ மாட்டேன்னு சொன்னது எனக்கு எட்டு மாசம் கழிச்சுத்தான் தெரியும். அதுக்குள்ள அம்மா எனக்கு…” என்று தொடங்கினான்.

“போதும்.”

அவன் வராமைக்குப் பதினோராண்டுகளில் அவள் மூன்று காரணங்களை எண்ணி வைத்திருந்தாள். தாயின் கண்ணீராக இருக்கலாம். தன் தந்தை சொல்லியனுப்பிய முறையில் பட்ட அவமானமாக இருக்கலாம். வேறொரு பெண்ணாகவும் இருக்கலாம். மூன்றையும் ஆண்டுக்கொன்றாக வெறுத்து, பின்பு மன்னித்தும் விட்டிருந்தாள். புளிச்சோற்றை அவள் எண்ணிப் பார்த்ததில்லை. அதை வெறுப்பதற்கும் வழியில்லை. அவளுடைய தந்தையும் அந்த நேரத்தில் அதைத்தான் செய்திருப்பார்.

“ஒரு வேளை பட்டினி கெடந்திருக்கலாம்” என்றாள். குரல் உடைந்து சீறிற்று. “பட்டினி கெடக்கறது நம்மளுக்குப் புதுசா? வருஷத்துல எத்தினி நாள் கெடக்கறோம்! ஒரே ஒரு வேளை!”

விழுப்புரம் பேருந்து சாலை முனையில் விளக்கைத் திருப்பியது.

“அந்தப் பொட்டலத்த இப்பிடிக் குடுங்க” என்று சவுரியம்மாள் இடையில் வந்தாள். “எனக்கு எந்தச் சூரியனும் மறையல. பசி உயிர் போவுது.” வாங்கிக்கொண்டு, அங்கேயே நின்று பிரித்தாள். “கட்டிக் குடுத்த கையி நல்ல கையி. உங்க அம்மாவா?”

“நானேதான் செஞ்சேன்” என்றான் அவன். பேருந்து வந்து நின்றது. படியில் கால் வைத்தவன் திரும்பினான். “படத்துல முடிவு இன்னா ஆச்சு? சேர்ந்தாங்களா?”

“அடுத்த வாரம் உங்க ஊருக்கு வருதாம். இருந்து பாத்துக்குங்க” என்றாள் குசுமா.

அன்றிரவு அவள் நீரும் அருந்தவில்லை. மறுநாள் வகுப்பில், வாய்பாடு தப்பாகச் சொன்ன இரு பிள்ளைகளைத் தேவைக்கு மேல் கடிந்தாள். அடுத்த ஞாயிறும் போயிற்று. செவ்வாயன்று ஓர் அஞ்சலட்டை வந்தது.

‘கடைசி வரை இருந்து பார்த்தேன். பொழுது போய்விட்டது, உண்ணவில்லை. அவர் பதில் சொல்லாதது எனக்கும் பிடிக்கவில்லை. உன் தந்தை இல்லாத நிலையில், உன் அத்தானிடம் வந்து உன்னைப் பெண் கேட்க அனுமதி தருவாயா? ஸ்ரீசந்திரன்.’

சவுரியம்மாள் அதை வாங்கிப் படித்தாள். “பாவம்டி, பட்டினியெல்லாம் கெடந்துக்கிறான்.”

“எப்ப? பதினோரு வருஷம் கழிச்சு. சினிமாவுக்கு.”

அன்று பகல் இடைவேளையிலேயே குசுமா பதில் எழுதிவிட்டாள். ‘ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வரவும். கட்டுச்சோறு வேண்டாம்’ என்பது அதன் முழு வாசகம். முகவரியும் எழுதினாள். ஆனால் தபாலில் சேர்க்கவில்லை; அவனும் சில நாள் காத்திருக்கட்டும். வருகைப் பதிவேட்டுக்குள் வைத்து மூடினாள். புதன்கிழமை சவுரியம்மாள் கேட்டபோது, பதிவேட்டைக் கைக்குள் இடுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். வியாழனன்று பள்ளி விட்ட பின்னர், சனிக்கிழமைக்கு முன் அது அவன் கைக்குப் போய்ச் சேராது என்பதைத் தபால் நிலையத்தில் இருமுறை விசாரித்து உறுதி செய்துகொண்டு, பெட்டியில் போட்டாள்.