ஜாமீனுக்கு ஒரு குடுவைப் பால்

கோபிலோ அக்காவைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். எங்கள் மலைமேட்டு ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் இங்கே விளைகிற மாரத்தான் ஓட்டக்காரர்களைப் பற்றியே எழுதித் தீர்க்கிறார்கள். சரி, பைக்கை வாடகைக்கு ஓட்டுகிற நானே சொல்லித் தொலைக்கிறேன்.

அக்கா பால்காரி. நான்கு மாடு, ஒரு தகரக் கொட்டகை, புருஷன் இல்லை. கரி தேய்த்த சுரைக்குடுவையில் அவள் புளிக்க வைக்கும் முர்சிக் பாலுக்கு இந்த மேட்டில் ஈடு கிடையாது. வெளிநாட்டில் ஜெயித்து வருகிறவன் விமான நிலையத்தில் முதலில் குடிப்பது அதைத்தான். மாரத்தான் வீரன் செலாங்காவுக்கு ஆறு முறை அவள்தான் குடுவையைப் பிடித்துப் புகட்டியிருக்கிறாள். அவன் நடத்தும் பயிற்சி முகாமுக்குத் தினமும் பால் ஊற்றுவதும் அவள்தான். அதில்தான் அவள் அடுப்பு எரிந்தது.

போன மாதம் செலாங்கா தன் மனைவி ஜெமேலியின் தாடையை உடைத்தான். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஊரே பதறிப்போனது. பின்னே, அடுத்த பந்தயத்துக்கு ஆறு வாரம்தானே இருந்தது! நல்லவேளை, அடித்தது கையால், கால்கள் பத்திரம் என்று தேவாலயத்தில் நன்றி சொன்னார்கள். ஜெமேலி ஏதாவது சொல்லிக் கிளறியிருப்பாள் என்று, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவனெல்லாம் தீர்ப்புச் சொன்னான். செலாங்கா முகம் போட்ட சட்டைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். நானும் ஒன்றை மாட்டிக்கொண்டேன். ஓசி என்றால் எனக்குக் கண் தெரியாது.

ஜாமீன் கிடைத்த அன்றைக்கே ரசிகர் சங்கத் தலைவர் பர்மாசாய் அக்காவின் கொட்டகைக்கு வந்துவிட்டார்.

"கோபிலோ, நாளைக்கு நம்ம பையன் வெளிய வர்றான். குடுவையோட ஜெயில் வாசலுக்கு வந்துடு."

"எந்தப் பந்தயத்துல ஜெயிச்சான்?"

"ஜாமீன் கிடைச்சிருக்குல்ல! சும்மாவா?"

"ஓஹோ! தங்கமா, வெள்ளியா?"

பர்மாசாய்க்குச் சுருக்கென்றது. "ரொம்பப் பேசாத. முகாமுக்குப் பால் ஊத்த வேற ஆளா இல்ல? நாளைக்கு வரலேன்னா அத்தோட சரி."

அக்கா மாடு கறக்க உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் குடுவையோடு என் பைக்கில் ஏறினாள். பிழைக்கத் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெயில் வாசலில் திருவிழாக் கூட்டம். பெண்கள் குலவையிட்டார்கள். நானும் தொண்டை கிழியப் பாடினேன். செலாங்கா வெளியே வந்தான், கையசைத்தான், பழக்கதோஷத்தில் அக்கா முன்னால் குனிந்து வாயைத் திறந்தான். கேமராக்கள் நெருங்கின. அக்கா குடுவையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வாயை மூடு தம்பி, ஈ போயிடப் போகுது. இது ஜெயிச்சவங்களுக்கு."

பாட்டு அப்படியே நின்றது. செலாங்கா வாயை மூடக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாரோ ஒரு மண்ணாங்கட்டியை எறிந்தான். நான் பைக்கை உதைத்துக் கிளப்பினேன்.

"ஆஸ்பத்திரிக்கு விடு" என்றாள் அக்கா.

ஜெமேலியின் பற்களைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். குடுவைப் பாலை டம்ளரில் ஊற்றி, உறிஞ்சுகுழலை உதட்டில் வைத்தாள் அக்கா. ஜெமேலி இரண்டு மடக்கு குடித்துவிட்டு, பல்லிடுக்கில் கேட்டாள்.

"அவருக்குக் குடுத்தியாக்கா?"

"குடுக்கல."

"ஐயோ! அத்தனை பேர் முன்னாலயா? வீட்டுக்குப் போனா அந்தக் கோவத்தையும் என் மேலதானே காட்டுவாரு!"

அக்காவின் முகம் வெளிறிப்போனது. பாவி மகள், அதை யோசிக்கவே இல்லை. எனக்கு அந்த அறையில் நிற்கவே கூசியது. அக்கா குழலை மறுபடி ஜெமேலியின் உதட்டில் வைத்தாள்.

"அந்த வீட்டுக்கு உன்னை யாரு போகச் சொன்னா? என் வீட்ல இன்னொரு கட்டில் கிடக்கு. முகாம்ல இனிமே வாங்க மாட்டானுங்க, நாலு மாட்டுப் பாலும் மிஞ்சும். நீ குடி."