ஜவுபர் செய்த பேஸ் பெட்டி

1982இல் குவைத்திலிருந்து கல்முனைக்குத் திரும்பிய ஜவுபர், ஒரு கசெட் ரெக்கோர்டரும் ஓர் அம்பிளிபயரும் சோற்றுத் தட்டை விடப் பெரிய ஒரு பேஸ் ஸ்பீக்கரும் கொண்டுவந்தான். மனைவி சுல்பிகாவுக்கு ஒரு சேலை. வேறொன்றும் இல்லை.

குவைத்தில் அவனுக்குக் கராஜில் வேலை. திருத்த வந்த ஒரு காரில் உட்கார்ந்து பாட்டுப் போட்டுப் பார்த்தபோது, சத்தம் காதுக்கு வருமுன்னர் நெஞ்சில் வந்து இடித்தது. அதன் பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. ஊருக்கு வந்ததும் ஒரு பழைய மொரிஸ் ஒக்ஸ்போட் காரை வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடத் தொடங்கினான். ஸ்பீக்கரைப் பின்கண்ணாடியின் கீழே வைத்தான். வெறும் கரகரப்புத்தான் வந்தது. பலகையில் பெட்டி அடித்து டிக்கிக்குள் வைத்தான். டிக்கி முழுக்க வளைவு, பெட்டியோ சதுரம். பெட்டியைச் சுற்றி இடம் வீணாகிப்போக, சந்தைக்குப் போய்வருகிறவர்களின் சாக்கு மூட்டைகளை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னான். அவர்கள் வேறு கார் பிடித்தார்கள்.

சாப்பிடும்போதும் இதே நினைப்பு.

“இஞ்ச பாருங்க, சோத்துல கைய வெச்சிட்டு எங்க போறீங்க?” என்று சுல்பிகா கேட்பாள்.

“டிக்கிட மூலைய ஒருக்காப் பார்த்திட்டு வாறன்.”

“அந்த மூலை எங்கயும் ஓடாது. திண்டிட்டுப் போங்க.”

அவன் போய்விடுவான். திரும்பி வரும்போது கறியில் ஈ மொய்த்திருக்கும்.

திருக்கோவிலுக்கு ஒரு ஹயர் போனபோது, கோயிலுக்குப் போன பயணிகள் வரும்வரை கடற்கரைப் பக்கம் நடந்தான். அங்கே சாமித்தம்பி என்பவன் வெடித்த பைபர் தோணி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தான். கண்ணாடி நாரால் ஆன மெல்லிய பாயை வெடிப்பின் மேல் விரித்து, தேன் போன்ற ரெசின் பசையைத் தூரிகையால் பூசினான். கொஞ்ச நேரத்தில் அது கல்லாக இறுகியது. ஜவுபர் தட்டிப் பார்த்தான்.

“இது எந்த வடிவத்திலயும் வருமா?”

“அச்சு எப்பிடியோ அப்பிடி வரும்.”

“கார்ர டிக்கிய அச்சா வெச்சா?”

சாமித்தம்பி தூரிகையைக் கீழே வைத்தான். “காருக்குள்ள தோணி செய்யப் போறியா மச்சான்?”

பயணிகள் தேடி வந்து ஏசும்வரை ஜவுபர் அங்கேயே நின்றான். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு மறுபடியும் போனான்.

இருவரும் டிக்கிக்குள் பத்திரிகைத் தாள் ஒட்டி, மெழுகு தடவி, மூலையோடு மூலையாக நார்ப் பாயைப் பதித்து ரெசின் பூசினார்கள். வெயில் அதிகம். ஜவுபர் பொறுக்கமாட்டாமல் இறுக வைக்கும் மருந்தைக் கூடுதலாக ஊற்றிவிட, தகரப் பேணிக்குள்ளேயே ரெசின் புகைந்து கட்டியானது.

“உனக்கென்ன, பின்னால ஆரும் துரத்துறானா?” என்றான் சாமித்தம்பி.

இரண்டாம் தரம் சரியாக இறுகியது. ஆனால் உள்ளே அகலம், டிக்கியின் வாய் குறுகல். இறுகிய ஓடு வெளியே வரவில்லை. வாளால் இரண்டாக அறுத்து எடுத்து, வெளியே வைத்து ஓரங்களைச் சீவி, மறுபடி உள்ளேயே வைத்து ஒட்டினார்கள். பெட்டியின் முன்பக்கத்துக்கு இழுத்தால் இழுபடும் துணி வேண்டியிருந்தது. ஜவுபர் குவைத்தில் போட்ட பனியன்களை வெட்டி, சுல்பிகாவிடம் தைக்கக் கொடுத்தான்.

“காருக்குப் பனியனா?” என்றாள். ஆனாலும் மெஷினை இழுத்துப் போட்டுத் தைத்தாள்.

ஸ்பீக்கர் பொருத்தும் வளையத்தின் மேல் அந்தத் துணியை மேளத் தோல் போல இழுத்துக் கட்டி, அதற்கும் ரெசின் பூசினார்கள். அடிப்பக்கத்தைத் தடிப்பாக்க வேண்டும், அலை அங்கேதான் அடிக்கும் என்றான் சாமித்தம்பி. இதில் சத்த அலை உள்ளேயிருந்து அடிக்கும், எல்லாப் பக்கமும் தடிப்பு வேண்டும் என்றான் ஜவுபர். இன்னும் இரண்டு பாய் போட்டார்கள்.

முதல் பாட்டுப் போட்டபோது நம்பர் பிளேட் அதிர்ந்தது. சாமித்தம்பி நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். ஜவுபரோ நம்பர் பிளேட்டைக் கழற்றி, ரப்பர் வைத்து முடுக்கிக்கொண்டிருந்தான். பிறகு கதவு அதிர்ந்தது. பிறகு ஆசனம். கல்யாண வீட்டார் அவன் காரையே கேட்டு வந்தார்கள். அவன் பாட்டைக் கேட்கவில்லை, எங்கே அதிர்கிறது என்றே கேட்டுக்கொண்டிருந்தான்.

1985க்குப் பிறகு றோட்டில் சோதனைச் சாவடிகள் வந்தன. ஒரு நாள் முற்பகல் அக்கரைப்பற்றிலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஆமினா உம்மா என்ற மூதாட்டியையும் அவருடைய மகளையும் கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்தான். சாவடியில் ஓர் இளம் சிப்பாய் டிக்கியைத் திறந்தான். பெட்டியைத் தட்டினான். உள்ளே வெற்றிடம்.

“இதுக்குள்ள என்ன?” என்று சிங்களத்தில் கேட்டான்.

“காற்று,” என்றான் ஜவுபர், தெரிந்த சிங்களத்தில்.

சிப்பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. ஜவுபர் ஸ்பீக்கரைக் கழற்றினான். சிப்பாயின் கை உள்ளே போனது. வளைவுக்கு அப்பால் எட்டவில்லை. அவன் முகத்திலும் பயம் இருந்தது. பெட்டியை உடை என்றான்.

ஜவுபர் காருக்குள் பார்த்தான். ஆமினா உம்மா ஜன்னலில் தலை சாய்த்திருந்தார். “உடைச்சா போக உடுவாங்களா மனே?”

“ஓம் உம்மா.”

ஜாக்கிக் கம்பியை எடுத்து அடித்தான். முதல் அடிக்கு உடையவில்லை. நான்கு பாய் தடிப்பு. வெறி பிடித்தவன் போல அடித்த பிறகுதான் மூலை பிளந்தது. சிப்பாய் குனிந்து பார்த்துவிட்டு, போகச் சொன்னான்.

உம்மாவை ஆஸ்பத்திரியில் நேரத்துக்குச் சேர்த்தான். வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். உள்ளங்கையில் கண்ணாடி நார் குத்தி எரிந்தது.

சுல்பிகா ஊசியால் நாரை எடுத்துவிட்டாள். “மறுகாவும் செய்வீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

திருக்கோவிலுக்குப் போகவும் பல மாதம் முடியவில்லை. கலவரத்துக்குப் பிறகு முஸ்லிம்கள் அங்கே போகப் பயந்தார்கள், தமிழர்கள் இங்கே வரப் பயந்தார்கள். கடைசியில் ஜவுபர் துணிந்து போனபோது பெட்டி உடைந்த கதையைக் கேட்டுவிட்டுச் சாமித்தம்பி அவனை மேலும் கீழும் பார்த்தான்.

“ஒட்டுவமா?”

“வேணாம். திறக்கிற மூடியோட பெட்டி செய்வம். ஆரும் திறந்து பார்க்கலாம். மீனுக்கு ஐஸ் போட்டு வைக்க.”

“பாட்டு?”

“கார் வித்துட்டன்.”

சாமித்தம்பி நார்ப் பாய்ச் சுருளை எடுத்தான். “இதிலயாவது நிப்பியா மச்சான்?”

“தெரியா,” என்ற ஜவுபர், ரெசின் தகரத்தின் மூடியைத் திறக்க ஆணி தேடினான்.