கயிறு அவிழ்க்காத படகு

மாதத்தில் இருபத்தொன்பது நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் காவல் இருந்தவர்களுக்கு என் வேலை புரியும். நான் காத்த வீடு தண்ணீரில் மிதந்தது, அவ்வளவுதான்.

நான் தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் இன்ஜின் பார்த்தவன். தொண்ணூற்றொன்பதில் கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்திய சுந்தர் சார், சான்ஃபிரான்சிஸ்கோ துறையில் கயிற்றால் கட்டி வைத்திருந்த தன் சொகுசுப் படகைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார். என் க்ரீன் கார்டுக்கும் அவர்தான் ஸ்பான்சர்.

முதல் வருகை

வாரம் தவறாமல் கழுவுவேன், இன்ஜினை ஓடவிடுவேன், யாரும் படுக்காத மெத்தைக்கு விரிப்பு மாற்றுவேன். வாங்கி எட்டு மாதம் கழித்து சார் வந்தார். மூன்று படுக்கையறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு என் காதருகே வந்தார்.

"அந்தோணி, இதுல பாத்ரூம் எங்கப்பா இருக்கு?"

பாலத்துக்கு அப்பால்

அன்றைக்கே கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி ஓட்டச் சொன்னார். அலை லேசாகத் தூக்கியதுதான் தாமதம், மனுஷர் காலையில் சாப்பிட்ட பொங்கலைப் பசிபிக்குக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு வேறு கவலை. இவர் படகை விற்றால் என் வேலையும் க்ரீன் கார்டும் அம்போ! பனிமய மாதாவே, காப்பாத்து என்று வேண்டிக்கொண்டே திருப்பினேன். கரையில் கால் வைத்ததும் சார் சொன்னார்:

"வீட்ல கேட்டா, செம ஜாலியா இருந்துச்சுன்னு சொல்லிடு."

ஸ்மூத்

அடுத்தது நண்பர்களுக்குப் பார்ட்டி. சாருக்கு மறுபடி குமட்டினால் என் கதை முடிந்தது. அதனால் இன்ஜினை ஓடவிட்டேன், கயிற்றை அவிழ்க்கவே இல்லை. பனிமூட்டம் கரையையே மறைத்திருந்தது. உள்ளே எல்லோரும் பிரியாணியில் மும்முரம். சார் மட்டும் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நிம்மதியாக இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். பக்கத்து ஊரான டப்ளினிலிருந்து வந்த ஆன்ட்டிக்குத்தான் ஒரே சந்தோஷம்.

"ஃப்ரீவேல கார்ல கூட இவ்ளோ ஸ்மூத்தா போனதில்லப்பா!"

விற்பனை

இரண்டாயிரத்து ஒன்றில் டாட்காம் கம்பெனிகள் வரிசையாகச் சரிந்தன. ஒரு வெள்ளிக்கிழமை சார் தன் கம்பெனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். அங்கே வேலை பார்த்த என் பக்கத்து அபார்ட்மென்ட் ரமேஷ், அட்டைப்பெட்டியோடு வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். பாவமாக இருந்தது. திங்கட்கிழமை சார் எனக்குப் போன் பண்ணினார். "அந்தோணி, போட்டை வித்துடலாம்னு இருக்கேன்." போச்சுடா, ரமேஷ் பக்கத்தில் எனக்கும் ஒரு படி! "சரி சார்" என்றேன்.

"இது ரொம்ப ஆடுதுப்பா. ஆடாத மாதிரி, இதைவிடப் பெருசா ஒண்ணு பாரு."

வேலையோடு விசாவும் போன ரமேஷ் ஊருக்குப் பிளேன் ஏறினான், எனக்கு க்ரீன் கார்டு வந்தது, புதுப் படகின் கயிற்றை நான் ஒரு நாளும் அவிழ்க்கவில்லை.